சாந்தோமில் ஒரு தாத்தா கிட்டார்: கம்பி தேர்ந்தெடுத்த ஆறு மாதம்

ஜூன் இரண்டாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை, சென்னை சாந்தோமிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய பெண்ணும் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். துணிப்பையில் கொண்டுவந்திருந்தது, அவளுடைய தாத்தா 80-களில் வாங்கிய, கொல்கத்தாவில் செய்த எஃகுக் கம்பி கிட்டார். தாத்தா இப்போது இல்லை.

"தம்பி, இதை வெச்சுக்கிட்டு இவ படுற பாட்டைப் பார்க்க முடியல. புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றார் அம்மா. பெண் பதில் பேசாமல் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

கிட்டார் சொல்லிக்கொடுப்பதும் செட்டப் செய்து, அதாவது வாசிக்க வாகாகச் சரிசெய்து, கொடுப்பதும் என் தொழில். கம்பி பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான் தொடங்குவார்கள். இந்தக் கிட்டாரில் அது கடைசியாக வந்த கேள்வி. மரம் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், அந்த வீட்டில் என்ன காற்று அடிக்கிறது, அவள் கை எப்படி வாசிக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் எந்த செட் (ஆறு கம்பி கொண்ட பொட்டலம்) என்று சொல்ல முடிந்தது. அந்த ஆறு மாதத்தின் முழு விவரம் இது.

புகார்கள்

நான்கு இருந்தன. பல கம்பிகளை ஒரே விரலால் அழுத்தும் எஃப் கார்டு பிடித்தால் விரல் நோகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. புதுக் கம்பி மூன்றே வாரத்தில் கறுத்துச் சத்தம் செத்துவிடுகிறது. கீழ் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) சுருதி சரியாக இருந்தாலும் மேலே போகப்போக ஏறிப்போகிறது. இரண்டாவது கம்பி அடிக்கடி அறுகிறது.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை அவர்கள் கவனிக்கவில்லை. கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் மரக்கட்டையான ப்ரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 2 மி.மீ. உள்ளே போனது. பசை விட ஆரம்பித்திருக்கிறது. தாள் நின்ற இடத்தில் தாளின் மீது பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளை ஒரு கவரில் பத்திரப்படுத்தினேன். இனி அது வளர்கிறதா என்று பார்க்க அதுதான் அளவுகோல்.

அளந்தபோது தெரிந்தது

தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. முதல் கம்பி 0.33 மி.மீ., ஆறாவது 1.42 மி.மீ. கடை மொழியில் 13–56, அதாவது மீடியம் செட். (13 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு.) கடையில் "நல்ல கம்பி கொடுங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள், தடிமனாக ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். கேட்கவும் தெரியவில்லை, கடைக்காரரும் என்ன கிட்டார் என்று திருப்பிக் கேட்கவில்லை.

12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன், ஆறாவது கம்பிக்கு 3.6 மி.மீ., முதல் கம்பிக்கு 2.9. சாதாரணமாக நான் 2.5-க்கும் 2-க்கும் அருகில் வைப்பேன். கழுத்தும் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும் 14-ஆவதையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே 0.6 மி.மீ. இடைவெளி. கால் மி.மீ. இருந்தாலே போதும். இன்றைய கிட்டார்களில் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டு இருக்கும், திருகி நேராக்கிவிடலாம். இதில் திருகுவதற்கு எதுவும் இல்லை. அப்படியென்றால் இந்தக் கழுத்தை நிமிர்த்த, மரவேலை இல்லாத ஒரே வழி கம்பியின் இழுப்பைக் குறைப்பது.

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரே நீளம், ஒரே உலோகம், ஒரே ஸ்வரம் என்றால், இழுப்பு தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். வழக்கமான 25.5 அங்குல நீளத்தில் முதல் கம்பி 13 ஆக இருந்தால் ஏறக்குறைய 12.4 கிலோ இழுக்கும். 11 ஆக இருந்தால் 8.9 கிலோ. தடிமனில் ஆயிரத்தில் 2 பங்கு அங்குலம்தான் குறைகிறது, இழுப்பில் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. ஆறு கம்பியையும் கூட்டினால் 13–56 செட் 80 கிலோவுக்கு மேல் போகும். 12–53 லைட் செட் 75 கிலோ பக்கம் நிற்கும், 11–52 அதற்கும் கீழே 70-ஐத் தொடாது, 10–47 செட் 60 கிலோவைச் சுற்றி இருக்கும். ஒரு ஆள் எடைக்கு மேல் இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. விரல் வலி, மேலே ஏறும் சுருதி, விட்டுப்போகும் ப்ரிட்ஜ் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆக்‌ஷன் உயரமாக இருந்தால் கம்பியை ஃப்ரெட் வரை அதிகமாக வளைத்து அழுத்த வேண்டும். அந்தக் கூடுதல் வளைவுதான் சுருதியை ஏற்றுகிறது.

இரண்டாவது கம்பி அறுந்ததற்கும் கம்பிக்கும் சம்பந்தமில்லை. அறுந்த துண்டை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன், பையின் ஜிப்பில் வைத்திருந்தாள். சாடில் (ப்ரிட்ஜின் மேல் கம்பிகள் படியும் பட்டை) மீது உட்காரும் இடத்தில் அறுந்திருந்தது. பிளாஸ்டிக் சாடிலில் அந்த இடத்தில் கூர்மையாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. உப்புத்தாளால் மழமழப்பாக்கினேன், அதற்கப்புறம் அங்கே ஒரு கம்பியும் அறுகவில்லை. கம்பி அறுந்தால் தூக்கிப் போடாதீர்கள். எங்கே அறுந்தது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

புதுக் கம்பி வாங்கும்வரை ஒரு முதலுதவி செய்தேன். ஆறு கம்பியையும் இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கி டியூன் செய்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வாசிக்கச் சொன்னேன். கீபோர்டோடு சேரும்போது சுருதி மாறாது, ஆனால் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். பத்து நாள் அப்படியே ஓடியது. பழைய கிட்டார் வைத்திருக்கும் யாரும் காசில்லாமல் செய்துகொள்ளக்கூடிய காரியம் இது.

தேங்காய் எண்ணெய்

கம்பிகளைக் கழற்றும்போது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "துரு பிடிக்காம இருக்கட்டும்னு நான்தான் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினேன் தம்பி" என்றார் அம்மா. தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவதைப்போல நல்ல எண்ணத்தில் செய்தது. அடித்தந்தி நான்கும் எஃகு நரம்பின் மேல் வெண்கலக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டவை. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறிவிடும், அதிர்வும் அமுங்கும். மேல்ஸ்தாயி மினுமினுப்புதான் முதலில் போகும். கழற்றிய கம்பிகளை வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் போடுகிற வழக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் உண்டு. அழுக்கு போகும், சத்தம் சில நாள் திரும்பும். அரித்த உலோகம் திரும்பாது.

ஆனால் அம்மாவின் கவலை சரியானதுதான். சாந்தோமில் துரு பெரிய விஷயம். அந்த வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். கிட்டார் மாட்டியிருந்த இடம் கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் தொடும்.

கம்பி கறுப்பது வியர்வையாலா, காற்றாலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் செட் வாங்குவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. புதுக் கம்பி போடும்போது வெட்டி எறிகிற நுனிகளை இரண்டு கட்டாகப் பிரித்தேன். ஒன்றை நூலில் கட்டி அந்த ஜன்னல் பக்கம் தொங்கவிடச் சொன்னேன். இன்னொன்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு அலமாரியில் வைக்கச் சொன்னேன். நான்கு வாரம் யாரும் தொடக்கூடாது. நான்கு வாரம் கழித்து ஜன்னல் கட்டு கரும்பழுப்பாகி, அங்கங்கே பச்சை பூத்து, எஃகு நுனிகளில் செம்புள்ளி விழுந்திருந்தது. கவரில் இருந்தது அன்று வெட்டியதுபோலவே மின்னியது. ஒரு விரல்கூடப் படாமல் காற்று மட்டுமே இவ்வளவு செய்கிறது.

அன்றைக்கே பரண்மேல் கிடந்த தாத்தாவின் பழைய பெட்டியை இறக்கினார்கள். சுவரில் மாட்டுவது நின்றது.

பித்தளையும் வெண்கலமும்

உலோகத்தை விளக்கும்போது அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கடையில் "80/20 பிரான்ஸ்" என்று விற்பதில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயர்தான் பிரான்ஸ், உண்மையில் அது பித்தளை. ஃபாஸ்ஃபர் பிரான்ஸில் ஏறக்குறைய 92 பங்கு செம்பு, 8 பங்கு தகரம், கூடவே துளி பாஸ்பரஸ். இது நம் வெண்கலத்தின் சொந்தக்காரன். "பித்தளைச் சொம்பு எங்க வீட்டுல வாரம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்ச்சாத்தான் முகம் பார்க்கலாம்" என்றார் அம்மா. கம்பியும் அதே கதைதான். வீணைக்காரர்களுக்கும் இது தெரியும்: எஃகில் போட்ட சாரணித் தந்தி துருப்பிடிக்கும், பித்தளையில் போட்ட மந்தரத் தந்தி கறுக்கும்.

80/20-இன் சத்தம் புதிதில் கணீரென்று, கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பளபளப்பு சீக்கிரம் இறங்கும். டடாரியோ கம்பெனி 1974-இல் கொண்டுவந்த ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் கொஞ்சம் கதகதப்பாக ஒலிக்கும், கறுப்பதும் மெதுவாகத்தான். 1997-இல் எலிக்சர் வந்தது. கோர்-டெக்ஸ் துணி செய்கிற கோர் நிறுவனத்தின் தயாரிப்பு. சுற்றுக் கம்பியின் மேல் மிக மெல்லிய பாலிமர் உறை போர்த்தி, அழுக்கும் ஈரமும் இடுக்குக்குள் போகாமல் தடுக்கிறார்கள். இப்போது பல கம்பெனிகளிடம் கோட்டிங் செட் இருக்கிறது.

"நைலான் போட்டா துருவே பிடிக்காதே அண்ணா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. நைலானின் மொத்த இழுப்பு எஃகில் பாதி அளவுதான் இருக்கும். எஃகுக்காகக் கட்டிய பலகையை அது போதுமான அளவு அசைக்காது, சத்தம் ஊமையாகிவிடும். நட்டில் (கழுத்தின் முனையில் கம்பிகள் படியும் பட்டை) உள்ள பள்ளங்களும் அதன் தடிமனுக்குப் பொருந்தாது. நைலான் செட்டிலும் மூன்று அடித்தந்திகள் வெள்ளி பூசிய செம்புச் சுற்றுதான், அவையும் கறுக்கும். இதைவிட ஆபத்து இதன் தலைகீழ். சென்னையில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வு எழுதுகிற பிள்ளைகள் நிறைய, அதனால் நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டார் பல வீடுகளில் இருக்கிறது. அதில் நைலான் அறுந்ததும் யாரோ எஃகுக் கம்பியைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மடங்கு இழுப்பில் ப்ரிட்ஜ் பிய்ந்து வந்த கிட்டார்களை நான் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மூன்று செட்

தடிமனை முதலில் முடிவு செய்தோம். கிட்டாரின் பக்கம் மட்டும் நின்று பார்த்தால் 10–47 இன்னும் பாதுகாப்பு. ஒரு ஞாயிறு அதைப் போட்டும் பார்த்தாள். அவள் பிக் (மீட்டும் சின்னத் தகடு) வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தி ஸ்ட்ரம் செய்கிறவள். மெல்லிய கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் பட்டு இரைந்தது, குழுவுக்குக் கிட்டார் கேட்கவும் இல்லை. விரலால் மெதுவாக மீட்டுகிறவளாக இருந்தால் 10-ஐயே, அல்லது பட்டு இழை கலந்த சில்க் அண்ட் ஸ்டீல் கம்பியைச் சொல்லியிருப்பேன். இவளுக்கு 11–52 என்று நிறுத்தினோம். ஒரு வாரத்தில் கழுத்தின் இடைவெளி 0.6-இலிருந்து 0.35-க்கு வந்தது. அதற்கப்புறம்தான் சாடிலைத் தொட்டேன். சாடிலில் 1 மி.மீ. தேய்த்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்கும். ஆக்‌ஷன் 2.6-க்கும் 2-க்கும் வந்ததும் அவள் எஃப் பிடித்துப் பார்த்தாள், இன்னொரு தடவை பிடித்தாள், பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

உலோகத்தை வாசித்துத்தான் தீர்மானிக்க முடியும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, போனில் ஒரு திறந்த இ கார்டைப் பதிவு செய்து அனுப்பினாள். கம்பி "செத்தது" என்பதற்கு ஓர் அளவும் வைத்தோம். ஆறாவது கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் டியூனரில் 10 சென்ட்டுக்கு மேல் விலகினால் செட்டை மாற்றுவது. (ஒரு ஃப்ரெட் தூரம் என்பது 100 சென்ட்.)

சாதா 80/20 மூன்று வாரம் தாங்கியது. முதல் ஞாயிறு பதிவு மூன்றிலும் மிக அழகானது அதுதான், அதைச் சொல்லாமல் விடமுடியாது. சாதா ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் ஐந்து வாரம். கோட்டிங் போட்ட ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் ஆகஸ்ட் கடைசியில் ஏறி, டிசம்பர் தொடக்கம்வரை, 14 வாரம்.

இதில் ஒரு குறை இருக்கிறது. முதல் செட் இருந்த காலத்தில் கிட்டார் சுவரில் மாட்டியிருந்தது, பெட்டி இரண்டாவது செட்டிலிருந்துதான். ஆகவே மூன்று வாரம் ஐந்தானதில் வெண்கலத்துக்கு எவ்வளவு பங்கு, பெட்டிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியாது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மாறியது கோட்டிங்கும் பருவமும்தான். பருவம் கோட்டிங்குக்கு எதிராகத்தான் இருந்தது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குக் காற்று நாள் முழுக்கக் கடலிலிருந்தே அடித்தது. அப்படியும் 14 வாரம் நின்றது.

கோட்டிங் பற்றி இரண்டு விஷயம். எட்டாவது வாரம் பதறிப்போய்ப் போன் செய்தாள். "அண்ணா, கம்பி உரியுது, வெள்ளையா நூல் நூலா வருது!" பிக் உரசுகிற இடத்தில் உறை தேய்ந்து பிசிறு விடுவது அது. துரு இல்லை, பயப்பட வேண்டாம் என்றேன். அந்த இடம் மட்டும் இனி சீக்கிரம் கறுக்கும், அவ்வளவுதான். இரண்டாவது விஷயம்: உறை இருப்பது சுற்றுக் கம்பிகளில். முதல் இரண்டும் வெறும் எஃகு, அவற்றுக்குப் பூச்சு இருந்தாலும் இந்தக் காற்றில் அதுதான் முதலில் தோற்கும். ஏழாவது வாரத்தில் இரண்டிலும் சொரசொரப்பு வந்தது. 11, 15 இரண்டையும் ஒற்றைக் கம்பியாக வாங்கிப் போட்டோம். செட்டையே மாற்றத் தேவையில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கியபோது கோட்டிங் செட்டின் விலை சாதாவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வாரக் கணக்கில் பார்த்தால், ஒற்றைக் கம்பிகளையும் சேர்த்து, ஃபாஸ்ஃபர் பிரான்ஸோடு ஏறத்தாழ சமம். பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். லாபம் வேறு இடத்தில். மாதாமாதம் கம்பி மாற்றத் தேவையில்லை, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. மேற்கு மாம்பலத்தில் என் கிட்டாரில் சாதா ஃபாஸ்ஃபர் பிரான்ஸே இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. என் கை அவ்வளவு வியர்க்காது என்பதும் ஒரு காரணம். கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற, கை வியர்க்காத ஒருவருக்கு நான் கோட்டிங் சொல்லமாட்டேன், அந்தப் பணத்தில் இரண்டு சாதா செட் வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

கடையில் ஒன்று பாருங்கள். பழைய செட் காகித உறைகளில் வந்தது, அது கடை இழுப்பறையிலேயே எவ்வளவு நாள் கிடந்ததோ. காற்றுப் புகாமல் சீல் செய்த பையில் வருவதை மட்டும் வாங்குங்கள்.

டிசம்பர் நிலவரம்

டிசம்பர் முதல் சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு நடுவில் வந்தார்கள். அதே கோட்டிங் 11–52 செட்டைப் புதிதாகப் போட்டேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைப்பதை இப்போது அவளே செய்கிறாள். தேங்காய் எண்ணெய் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு வேலை பாக்கி. நட்டின் பள்ளங்கள் 13 கேஜுக்காக அகலமானவை. முதல் கம்பியைத் திறந்து மீட்டினால் லேசாக இரைகிறது. பாடல்களில் அது தெரிவதில்லை, எனக்குத் தெரிகிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் எலும்பில் புது நட் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்து ப்ரிட்ஜின் அடியில் நுழைத்தேன். ஜூனில் போட்ட பென்சில் கோட்டிலேயே நின்றது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப புதுசு வாங்க வேண்டாம்ல தம்பி?" என்றார்.

"வேண்டாம்மா."

பெண் ஒரு சின்னச் சீட்டில் அன்றைய தேதியையும் "11–52" என்பதையும் எழுதி, தாத்தாவின் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டினாள்.